சுவான்

லாபா நாள் காலை.
கதவுக்கு வெளியே, செருப்படுக்கின் மேல்,
பழைய காப்பித்தூள் புட்டி ஒன்று
வந்து உட்கார்ந்திருக்கிறது.
உரித்த பூண்டு. கழுத்துவரை காடி.

சீட்டில்லை. பெயரில்லை.
கெங் ஷௌலினுக்கு அது தேவையும் இல்லை.
அவர்கள் பேச்சில்
பூண்டும் சுவான், கணக்குத் தீர்ப்பதும் சுவான்.
தியான்ஜின் தெருக்களில் இந்தப் பருவத்தில்
'காடி, காடி' என்றுதான் கூவுவார்களாம்.
பூண்டு என்று வாயெடுத்தால்
பாதித் தெரு சன்னலைச் சாத்திக்கொள்ளும்.

ஆறாயிரம் யுவான்.
மூன்றுசக்கர வண்டியின் பேட்டரி செத்த அன்று
கீழ்த்தளத்தில் சாவி வெட்டும் மியாவ் குய்சின்
இழுப்பறையோடு எடுத்து நீட்டியது.
ஆண்டு முடிவதற்குள் என்றிருந்தான்.
முடிய இன்னும் இருபத்திரண்டு நாள்.

லாபா என்று பேர்,
லாபம் ஒருவருக்கும் இல்லை.

கஞ்சிக்கு எட்டுப் பண்டம் வேண்டும்.
டப்பாக்களைத் தட்டிப் பார்த்தான்.
தினை இருந்தது, ஒட்டரிசி இருந்தது,
காராமணி, பாசிப்பயறு, ஒரு பிடி கடலை,
அக்ரூட் இரண்டு, சுருங்கிய இலந்தை ஆறு.
தாமரை விதை டப்பாவில்
தாமரைப் படம் மட்டும்.

உச்சிக்கு முன் அக்கம்பக்கம் கொடுத்துவிடவேண்டும்,
அதுவும் வழக்கம்.
படிக்கட்டெங்கும் முட்டைக்கோசு அடுக்கியிருக்க
தூக்குப்பாத்திரத்தோடு பக்கவாட்டில் இறங்கினான்.
அதன் அடியில்
செய்தித்தாளில் மடித்த இரண்டாயிரம்.

அவள் முதலில் பணத்தை எண்ணினாள்.
விரலை நனைத்து, இரண்டு தடவை.
பிறகு கஞ்சியைக் கிளறினாள்
தொலைந்த சாவியைத் தேடுகிறவள் போல.
'ஏழுதான் இருக்கிறது.'
'எட்டாவது பாக்கி' என்றான்.
அவள் சிரித்தாளா என்று தெரியவில்லை.
இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது,
பித்தளைத் தூள் பறந்துகொண்டிருந்தது,
கஞ்சியை அவள் உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

அப்புறம் குளிர்.
ஹாய் ஆற்றில் பனிக்கட்டி கெட்டிப்பட்டது,
துளை போட்டு மீன் பிடிக்கிறவர்கள்
முக்காலியோடு வந்துவிட்டார்கள்.
ஆண்டுக்கடைசிப் பொட்டலங்கள், எல்லாம் அவசரம்,
ஏழாம் மாடி, மின்தூக்கி இல்லை,
ஒன்றுக்கு ஒன்றேகால் யுவான்.
ராத்திரி வந்து
கையுறையைக் கழற்றப் பல்லால் கடித்து இழுப்பான்.
சன்னலோரம் புட்டி.

ஐந்தாம் நாள் நுனியில் ஒரு நீலம்,
அடிபட்ட நகம்போல.
ஒன்பதாம் நாள் பச்சை பிடித்தது.
எவன் சாயம் போட்டான்?
காடியும் குளிரும்தான், வேறெவருமில்லை.
மற்றதெல்லாம் குளிரில் கறுக்கும், வெடிக்கும், சுருளும்.
இது ஒன்று மட்டும்
அடைத்துவைத்த இடத்தில் தளிர்நிறம் கொள்கிறது.
அவன் அதைத் திறக்கவில்லை.
முளையைப் பார்ப்பதுபோலப் பார்க்கவும் இல்லை,
கடிகாரத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

ஆண்டின் கடைசி நாள்.
எல்லா வீட்டிலும் கொழுக்கட்டைக்கு
இறைச்சி கொத்தும் சத்தம், மேலும் கீழும்.
மூவாயிரத்து எழுநூறு சேர்ந்திருந்தது.
முந்நூறு குறைகிறது.
அதை எப்படி மடித்தாலும் குறைகிறது.
பணத்தோடு ஒரு சின்னக் காகிதப்பொட்டலமும் எடுத்துக்கொண்டான்.

மியாவ் குய்சின் கடையைப் பாதி இறக்கியிருந்தாள்.
எண்ணினாள். விரலை நனைத்தாள். மறுபடி எண்ணினாள்.
பொட்டலத்தைப் பிரித்தாள்:
தாமரை விதை, ஒரு பிடி.
'எட்டாவது' என்றான்.
ஒன்றை எடுத்துக் குறட்டில் வைத்து நெரித்தாள்.
விதை இரண்டாகப் பிளந்தது,
நடுவில், எடுக்காமல் விட்ட பச்சைக் குருத்து.
கசக்கும் அது.
கண்டுகொள்ளாத கடைக்காரன் மலிவாகக் கொடுத்திருப்பான்.

நாக்கில் வைத்துப் பார்த்தாள்.
முகம் கோணியது.
துப்பவில்லை.

'பூண்டு பச்சையாகிவிட்டதா?'
'ஆகிவிட்டது.'
'காடியைக் கொட்டாதே,
கொழுக்கட்டைக்குத் தொட்டுக்கொள்ள நன்றாயிருக்கும்.
புட்டி என்னுடையது.'

மீதிக் கதவையும் இறக்கினாள்.
முந்நூற்றைப் பற்றி
அன்று ஒருவரும் பேசவில்லை.